மார்க்கர் தயார், கேள்வி எங்கே?

கொடைக்கானல் பைன் காட்டில் போட்டோ எடுக்க நிற்கிற கூட்டத்தில் யாரிடமாவது "இது நம்ம ஊர் மரமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "ஆமா" என்றுதான் பதில் வரும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் ஒன்றுகூடக் கிடையாது. பழனி மலையில் நிற்பதெல்லாம் நட்டது. அதில் பட்டுலா பைனுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. இப்படி நட்ட தோப்புகளும் விவசாயமுமாகச் சேர்ந்து, பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை நாற்பது ஆண்டுகளில் காலி செய்துவிட்டதாக 2018இல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓர் ஆய்வு சொன்னது.

அப்படியானால் நம்முடைய சொந்த ஊசியிலை மரம் எது? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு: நாகியா வாலிச்சியானா. நரம்பாலி, கருந்தும்பி என்று புத்தகங்களில் பெயர் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இதற்கு ஊசி இலையே கிடையாது. அகலமான இலை, நடுநரம்பு இல்லாமல் இணைகோடுகளாக ஓடும் நரம்புகள். பைன்போலக் கட்டையான கூம்பும் இல்லை. பழம் மாதிரி ஒரு விதைதான். காட்டில் பக்கத்திலேயே நின்றாலும் தெரியாமல் கடந்து போய்விடுவோம். அகத்தியமலை, பெரியாறு போன்ற தெற்குப் பகுதிகளின் ஈரமான பசுமைமாறாக் காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது.

அருகி வரும் மரங்களுக்கு மரபணு மார்க்கர் உருவாக்கும் ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். இந்த மரத்தை மனதில் வைத்துத்தான் அவற்றைப் படித்தேன். அந்த வகைக் கட்டுரைகள் மீது எனக்கு ஒரு குறை இருக்கிறது.

மார்க்கர் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏவில் சில இடங்களில் ஜிஏஜிஏஜிஏ என்று ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் கண்டுபிடித்துவிட்டால், எந்த மரம் எதற்குச் சொந்தம், எந்த விதைக்கு அப்பா யார் என்றெல்லாம் சொல்லிவிடலாம். கேட்க எளிது. ஊசியிலை மரங்களில் இது பெரும்பாடு. மனிதனின் மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்து. 2013இல் வெளியான நார்வே ஸ்ப்ரூஸ் மரத்துடையது ஏறக்குறைய 2,000 கோடி. அதில் பெரும்பகுதி ஒரே துண்டின் நகல்கள். ஓர் இடத்தைக் குறிவைத்தால் நூறு இடம் பதில் சொல்லும். ஆகவே மார்க்கர் உருவாக்கியவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை.

என் குறை அவற்றின் கடைசிப் பத்தி பற்றியது. ரோட்டிலிருந்து எட்டுகிற இடத்தில் இருபது முப்பது மரங்களில் இலை பறிப்பார்கள். பன்னிரண்டு மார்க்கர் வேலை செய்கிறது என்று அட்டவணை போடுவார்கள். 'இவை பாதுகாப்புக்குப் பயன்படும்' என்று முடிப்பார்கள். யாருக்கு, எந்த முடிவை எடுக்க? அது இருக்காது. மாணவருக்கு ஒரு கட்டுரை கிடைத்தது, சரி. காட்டில் வேலை செய்கிறவர் கையில் என்ன கிடைத்தது?

மார்க்கரால் பயனே இல்லை என்று சொல்வதும் தப்பு. பழனி மலையிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே பழனிச் சிரிப்பான், தெற்கே அகத்தியமலைப் பக்கம் இன்னொரு சிரிப்பான். பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் இந்தக் குருவிகளின் டிஎன்ஏவை ஒப்பிட்ட பிறகுதான் இவை தனித்தனி இனங்கள் என்ற முடிவு வலுப்பட்டது. அங்கே கேள்வி தெளிவாக இருந்தது: கணவாய் இவற்றைப் பிரித்திருக்கிறதா? பதில் வந்தபோது பாதுகாக்க வேண்டிய அலகே மாறியது.

ஆஸ்திரேலியாவின் வொலமை பைன் இன்னும் நல்ல உதாரணம். 1994இல் கண்டுபிடித்த மரம். காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுக்கும் குறைவு. விதவிதமான மார்க்கர்களை வைத்துத் தேடியும் மரத்துக்கு மரம் வேறுபாடு கிட்டத்தட்ட அகப்படவே இல்லை. ஏமாற்றமான முடிவுதான். ஆனால் பன்மையே இல்லாத இடத்தில் ஒரு நோய் நுழைந்தால் எல்லா மரமும் ஒரே மாதிரி விழலாம் என்பதால், செருப்பில் ஒட்டி வரும் வேரழுகல் கிருமியைத் தடுப்பதும் இடத்தை ரகசியமாக வைப்பதும் எவ்வளவு முக்கியம் என்பதை அது உறுதியாக்கியது.

நரம்பாலிக்கு வருவோம். உலகப் பட்டியலில் இது 'கவலை குறைந்த' இனம். அஸ்ஸாமிலிருந்து நியூகினி வரை பரவியிருப்பதால் அந்தக் கணக்கு. ஆனால் நம் மலையில் நிற்பவை அந்தப் பெரிய கூட்டத்திலிருந்து வெகுதூரம் துண்டுபட்டவை. அஸ்ஸாம் மரமும் அகத்தியமலை மரமும் ஒன்றா என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றல்ல என்றால் அந்தப் பட்டியல் நமக்கு உதவாது. சிரிப்பானைப் பிரித்த அதே செங்கோட்டைக் கணவாய் இதையும் பிரித்திருக்கிறதா என்பது அடுத்தது. காட்டை மீட்கிறேன் என்று நர்சரி போடுபவர், தெற்குப் பக்கத்து விதையை வடக்கே நடலாமா கூடாதா என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

எனக்கு இதைவிட அவசரமாகப் படுவது இன்னொன்று. இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் காற்றில் போக வேண்டும், அதுவும் அடர்ந்த காட்டுக்குள். பக்கத்தில் ஆண் மரம் இல்லையென்றால் பெண் மரம் நின்றும் பயனில்லை. பத்து கன்று நட்டு, அது வளர்ந்து பூத்த பிறகு எல்லாமே ஆண் என்று தெரிந்தால்? கன்றிலேயே ஆணா பெண்ணா என்று சொல்கிற ஒரே ஒரு மார்க்கர் போதும், எனக்கு அந்தப் பன்னிரண்டும் வேண்டாம். ஜின்கோ மரத்துக்கு அப்படி மார்க்கர் தேடிக் கண்டிருக்கிறார்கள். பெண் ஜின்கோவின் விதை தெருவில் விழுந்து நாறும், அதனால் ஆண் கன்றுக்குத்தான் கிராக்கி! நாற்றத்துக்குக் கிடைத்த கவனம் நம் மரத்துக்கும் கிடைக்கலாம்.

இதற்கெல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஜப்பானில் நாரா நகரத்து கசுகா கோவில் காட்டில் நிற்கும் நாகி மரம் இதற்குச் சொந்தக்காரர். பேரினத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். நெருங்கிய உறவில் வேலை செய்யும் மார்க்கரை நம் மரத்தில் ஓட்டிப் பார்ப்பது மலிவு. இரண்டு இலையும் ஒரு பை சிலிக்கா ஜெல்லும் போதும். கடினமான வேலை கணவாயின் இரு பக்கமும் மழைக்காட்டுக்குள் ஏறி, ஒவ்வொரு மரமாகத் தேடி, பூக்கும் காலத்தில் திரும்பவும் போய் ஆண் பெண் குறித்து வருவது. அட்டவணை போடும் கட்டுரைகளில் 'பால்' என்று ஒரு பத்தி சேர்க்க அந்த இரண்டாவது ஏற்றம் வேண்டும்.