அச்சமும் நகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றுள் அச்சமும் நகையும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றும். இவ்விரண்டையும் ஓரிடத்தே சேர்த்து, 2011 இல் ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த ‘காஞ்சனா’ என்னும் பேய்ப்படம் இன்றும் சலிப்பின்றிப் பார்க்கப்படுவது எதனால்?

படத்திற் குறைகள் உள. ஓசை மிகுதி, ஒப்பனை மிகுதி, நடிப்பும் மிகுதியே. எனினும் இம்மிகையே அச்சத்தை விளையாட்டாக்குகின்றது. இரவிற் கழிப்பறை செல்லத் தாயைத் துணைக்கழைக்கும் காளையையும், பேய் கண்டு அலறும் தாயாகிய கோவை சரளாவையும் கண்டு நகாதார் யார்?

அச்சத்திற்கு அணங்கையும், நகைக்கு எள்ளலையும், அழுகைக்கு இளிவையும் முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். மூன்றும் இப்படத்தில் ஒருத்தியிடமே கூடுகின்றன. சரத்குமார் ஏற்ற காஞ்சனா ஒரு திருநங்கை. பெற்றோர் விலக்க, முஸ்லிம் பெரியவர் ஒருவர் அடைக்கலம் தந்தார். ஏழைகட்கு மருத்துவமனை அமைக்க வாங்கிய நிலத்தின் பொருட்டு அவள் கொலையுண்டாள். இதனை அறியுங்கால், சற்றுமுன் சேலையுடுத்த ஆடவனைக் கண்டு நகைத்தமைக்கு நாணுகின்றோம். அந்நகையைத் தூண்டியதும் இப்படமே என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

தம்பிலுவிலார்க்கு இவ்வுணர்ச்சி புதிதன்று. அநீதி கண்டு சினந்த கண்ணகியை அம்மனாகப் போற்றி, வைகாசியிற் குளிர்த்தி பாடும் ஊர் இது. மந்திரத்தாற் பிடிபட்ட காஞ்சனாவின் ஆவியை, அவள் முறையீட்டைக் கேட்டபின் கதைத்தலைவன் தானே விரும்பித் தன்னுடலில் ஏற்கின்றான்; அவள் எண்ணிய மருத்துவமனையும் ஈற்றில் எழுகின்றது. சினம் குளிரும் வழி அதுவே. ஆரவாரத்திடையே இவ்வுண்மையைப் பேணியமையால், குறையுடைய இப்படம் நிலைபெற்றது.