புல்வெளியில் கிளாரினெட்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மார்ச்சிங் பேண்டை, அதாவது அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் இசைக்குழுவைப் பார்ப்பவர்கள் அதன் வரிசை ஒழுங்கில் சொக்கிப்போகிறார்கள். இசை அறிந்த சிலரோ அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் ஒட்டுவால் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வரிசைக்குள் நிற்கும் கிளாரினெட்காரரின் இடத்திலிருந்து எடைபோட்டால்தான் இந்த வழக்கத்தின் நிறைகுறை தெரியும் என்று நினைக்கிறேன்.

அங்கே பள்ளி பேண்டில் கிளாரினெட்டைக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொள்வதில்லை. பள்ளி முடிந்ததும் கருவி பெட்டிக்குள் போய்விடும். அதைத் திரும்ப எடுக்க வைப்பது கல்லூரி பேண்ட்தான். பொறியியலுக்குப் பெயர்போன பர்டூ பல்கலைக்கழகத்தில் தனி இசைக் கல்லூரி இல்லை. பேண்டோ 1886 முதல் இருக்கிறது. 1907இலேயே மைதானத்தில் 'பி' எழுத்தின் வடிவில் நின்று காட்டியவர்கள் அவர்கள். வகுப்புகள் தொடங்குமுன்பே, ஆகஸ்ட் வெயிலில், பேண்ட் முகாம் தொடங்கிவிடும். ஊர் தெரியாமல் வந்து இறங்கும் முதலாண்டு மாணவிக்கு முதல் வகுப்புக்குமுன்பே சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உட்கார ஆள் கிடைத்துவிடுகிறது. கணக்கியல் படிப்பவரும் செவிலியர் படிப்பவரும் ஒரே வரிசையில் மூச்சை அளந்து விடுகிறார்கள். வேறு எந்த வரவேற்பு ஏற்பாடும் இவ்வளவு சீக்கிரம் இதைச் செய்துவிடாது.

ஆனால் அந்த மாணவி வாசிப்பது யாருக்குக் கேட்கிறது? டிரம்பெட், டிராம்போன்களின் வாய் நேராகப் பார்வையாளரை நோக்குகிறது. கிளாரினெட்டின் ஒலி துளைகள் வழியே சிதறி, அடிவாய் வழியே புல்லை நோக்கி இறங்குகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் உட்காரலாம். அந்த வெளியில் இந்த ஒலி கரைந்துபோகிறது. உரக்க ஊதினால் கிளாரினெட்டின் சுருதி இறங்கும். நவம்பர்க் குளிரும் அதை இறக்கும். ஐந்து கஜத்தை எட்டு அடிவைப்பில், அடிவைப்புக்கு 22.5 அங்குலமாக, கடக்கும்போது ஒவ்வோர் அதிர்வும் உதட்டை எட்டுகிறது. குளிரிலும் மழையிலும் ஆப்பிரிக்கக் கருமரக் கருவியில் விரிசல் விழக்கூடும் என்பதால், மைதானத்துக்குப் பெரும்பாலும் பிளாஸ்டிக் கருவிதான் போகும். இப்படிப் பருவம் முழுக்க வாசித்தால் தன் ஒலியைத் தானே கேட்கும் பழக்கம் கெடுகிறது. வாத்தியம் வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பேண்ட் 1934இல் மர ஊதுகருவிகளை எல்லாம் நீக்கிவிட்டுப் பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் மட்டும் கொண்டதாக மாறியது. ஒலியளவில் அது நேர்மையான முடிவு. கேட்காத ஒன்றை வாசிக்கச் சொல்வதைவிட வேண்டாம் என்று சொல்லிவிடுவது மேல் என்றுகூடத் தோன்றும். ஆனாலும் கிளாரினெட்டை வைத்துக்கொண்ட பல்கலைக்கழகங்களின் பக்கமே நான் நிற்கிறேன். கருவியை நீக்கினால் அந்த மாணவியும் போய்விடுகிறாள். அவளை மைதானத்தில் ஒரு புள்ளியாக மட்டும் நிறுத்திவைப்பதில்தான் எனக்குச் சண்டை.

இன்னொரு குறை உழைப்பின் கணக்கு. வாரம் முழுதும் ஒத்திகை, சனிக்கிழமை முழுநாள் ஆட்டம். பல இடங்களில் இவ்வளவுக்கும் ஈடு ஒன்றோ இரண்டோ பாடக் கிரெடிட். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வருவாயில் பங்கு தரலாம். அதே மைதானத்தில் அதே கூட்டத்துக்கு வாசிப்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஆட்டத்தின் ஒளிபரப்புக்கு அவர்கள் இசையும் வேண்டியிருக்கும்போது இது அநியாயம்.

பேண்டின் நெருக்கம் முரடாகத் திரும்பவும் கூடும். 2011இல் புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பேண்டில் சக உறுப்பினர்கள் நடத்திய ராகிங்கில் மாணவர் ஒருவர் இறந்தார். இடைநிறுத்தப்பட்ட பேண்ட் 2013இல்தான் மைதானத்துக்குத் திரும்பியது. சேர்ந்திருத்தல் தரும் பலத்துக்கு மேற்பார்வையும் வேண்டும்.

இனி ஒலிக்குத் திரும்பினால், கிளாரினெட்டுக்குப் பேண்டில் மரியாதை இல்லாமல் இருந்ததில்லை. ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பேண்டுக்கு மாற்றி எழுதும்போது வயலினின் பங்கு கிளாரினெட்டுக்கே வரும். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 1905 முதல் ஏ. ஏ. ஹார்டிங் வளர்த்த கச்சேரி பேண்டுக்கு, பேண்ட் இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா தன் இசைத்தாள் நூலகத்தின் பெரும்பகுதியை விட்டுச்சென்றார். 1952இல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பிரெடரிக் ஃபென்னல் பங்குக்கு ஒருவர் என்று குழு அமைத்து, ஒவ்வொருவர் ஒலியையும் தனியே கேட்கவைத்தார். அந்த வழி இசைத்துறை மாணவர்களோடு நின்றுவிடக் கூடாது. இலையுதிர் பருவம் முழுதும் மைதானத்தில் நின்றவருக்கு வசந்தத்தில் தேர்வு வைக்காமல் அரங்கில் ஒரு நாற்காலி தர வேண்டும். நான்கு கிளாரினெட் மட்டும் சேர்ந்த சிறு குழுக்களும் வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அனைவருக்கும் திறந்த பேண்டுகளை நடத்துகின்றன. மற்றவையும் அந்த நாற்காலியை, உழைப்புக்கேற்ற கிரெடிட்டோடு, வழங்கட்டும். இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909இல் பேண்டுக்காக எழுதிய முதல் சூட்டில் கிளாரினெட்டுக்கு வரும் தனிப்பகுதியை, பொறியியல் மாணவி ஒருத்தியும் வாசிக்கட்டும்.