மூணு வினாடிக்கு ஒரு எண்: உற்றுநோக்கல் பதிவேட்டை வாசித்தல்

பி.எட். படித்தவர்கள் எல்லாரிடமும் ஒரு பதிவேடு இருக்கும். பழுப்பு அட்டை போட்டு, மேலே ‘உற்றுநோக்கல் பதிவேடு’ என்று எழுதி, உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அது பரணுக்குப் போய்விடும். அதை ஒரு பிரதியாக எடுத்து வைத்து யாரும் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும் என்கிறேன். கதையை, கவிதையை, சினிமாவைக் கட்டுடைத்துப் பார்க்கிற நாம், நம்ம பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பறையைப் பற்றி வருஷா வருஷம் கட்டுக்கட்டாக எழுதிக் குவிக்கப்படுகிற இந்தப் பிரதியை மட்டும் ஏன் சும்மா விட்டோம்?

அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு அமெரிக்கர் இருக்கிறார். பேர் ஃபிளாண்டர்ஸ். அவருடைய இடைவினைப் பகுப்பாய்வு முறையை எல்லா பி.எட். மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். வகுப்பில் நடப்பதைப் பத்து வகையாகப் பிரித்தார். உணர்வை ஏற்றல், பாராட்டல், மாணவர் கருத்தை எடுத்துக்கொள்ளல், கேள்வி கேட்டல், விரிவுரை, ஆணையிடல், கண்டித்தல் ஆகிய ஏழும் ஆசிரியர் பேச்சு. பதில் சொல்லல், தானாகப் பேசல் இரண்டும் மாணவர் பேச்சு. பத்தாவது அமைதி அல்லது குழப்பம். பின்னால் உட்கார்ந்து மூணு வினாடிக்கு ஒருமுறை அந்த நேரத்தில் நடப்பதற்கு உரிய எண்ணை எழுத வேண்டும். நிமிஷத்துக்கு இருபது எண். நாற்பது நிமிஷப் பாடவேளைக்கு எண்ணூறு. ஒரு காரியத்தில் இது நல்ல முறை. ‘நான் பிள்ளைகளைப் பேச விடுகிறேன்’ என்று மார்தட்டுகிற வாத்தியாருக்கு, பெரும்பங்கு நேரம் அவர்தான் பேசினார் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனா இந்த எண்ணூறு எண்ணில் ஒன்றுகூடச் சொல்லாத சேதி ஒன்று உண்டு. நாலு என்றால் ஆசிரியர் கேள்வி கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்டார்? எட்டு என்றால் மாணவர் பதில் சொன்னார். எந்த மாணவர்? பதில் சொன்னது ஒரே பிள்ளையா, முப்பது பிள்ளைகளா? அதற்குக் கட்டம் இல்லை. ‘மாணவர்’ என்று ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு முகம் கிடையாது, பெஞ்சு கிடையாது, தெரு கிடையாது.

நான் பயிற்சிக்குப் போனது திருவரங்கத்தில். அப்போது ஒரு வருஷப் படிப்பு, நாற்பது நாள் பயிற்சி. மலைக்கோட்டைப் பக்கம் தங்கியிருந்து, காவிரிப் பாலம் தாண்டித் தினமும் பஸ்ஸில் போவேன். அந்த ஊர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் தீவு. தீவுக்குள் கோயில். கோயிலுக்கு ஏழு மதில். மதிலுக்குள்ளேயே வீதிகள். உள்ளே இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்பதைக் கல்லிலேயே கட்டி வைத்த ஊர்.

ஏழாம் வகுப்பு. புவியியல். டீச்சர் நல்லவங்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா இந்த மாதிரிக் கட்டுரைகளில் வாத்தியார் கொடுங்கோலராகவே வருவார். அவங்க பிரம்பு தூக்கி நான் பார்த்ததில்லை. பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அன்றைக்கு ஆறுகள் பாடம். ‘கொள்ளிடத்துல எப்போ தண்ணி வரும்?’ என்று கேட்டாங்க. முன் பெஞ்சுப் பையன் எழுந்து, மழைக்காலத்தில் வரும் என்றான். ‘வெரிகுட்’. நாலு, எட்டு, இரண்டு. நானும் எழுதினேன்.

நான் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சில், எனக்கு ஒரு கை தூரத்தில் ஒரு பிள்ளை. கொள்ளிடக்கரையிலிருந்து வருகிறவள். பக்கத்துப் பிள்ளையிடம் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: ‘மழ பேஞ்சா எங்க வரும்? மேட்டூர்ல தொறந்து, காவேரி தாங்காம மிஞ்சுனாத்தான் எங்க பக்கம் தள்ளி உடுவாங்க. அப்ப நாங்க சாமான தூக்கிட்டு ஓடணும்.’

முழுசான பதில். முக்கொம்பு மேலணையில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் வெள்ள வடிகால். மிச்சத் தண்ணீர் போகிற வழி. பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகச் சொன்னாள். இங்கே பெய்கிற மழைக்கும் அந்த வெள்ளத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, மேற்கே எங்கேயோ பெய்து மேட்டூர் நிரம்பினால்தான் தன் வீட்டுக்குள் தண்ணி என்று அவளுக்குத் தெரியும். அவள் கை தூக்கவில்லை. டீச்சர் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. என் பதிவேட்டில் அந்த மூணு வினாடிக்கு என்ன எண் இருக்கிறது தெரியுமா? ஐந்து. விரிவுரை. டீச்சர் அடுத்த வரிக்குப் போயிருந்தாங்க. பக்கத்தின் அடியில் ‘நன்று’ என்று சிவப்பு மையில் கையெழுத்து.

நானும் சேரியிலிருந்து போனவன்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்தான். என் பதிவேட்டிலும் அந்தப் பிள்ளை இல்லை. இதைத்தான் சொல்ல வருகிறேன். பார்வை பிறப்பால் மட்டும் வருவதில்லை, பயிற்சியாலும் வருகிறது. கட்டம் போட்ட தாளை மடியில் வைத்துக்கொண்டால் கட்டத்துக்குள் விழுவதுதான் கண்ணுக்குத் தெரியும். ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்திய நகரம் ஒன்றில் பிள்ளைகளின் விடைத்தாள்களை ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். மேல்தாளில் சாதியைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி மாற்றி மாற்றி எழுதினார்கள். தாழ்ந்த சாதி என்று எழுதிய தாளுக்குக் கொஞ்சம் மார்க் குறைந்தது. கொஞ்சம்தான். ஆனா குறைந்தது. அப்படிக் குறைத்ததில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கே முக்கியப் பங்கு என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. முழுங்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் பழைய பதிவேட்டைப் பார்த்தபிறகு முழுங்கிவிட்டேன்.

இந்த ஊரைப் பற்றிய உற்றுநோக்கல் என்றால் தமிழ் வாசகருக்கு உடனே சுஜாதா ஞாபகம் வருவார். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ எழுதியவர். கூர்மையான கண், சந்தேகமே இல்லை. தெருக் கிரிக்கெட்டையும் திண்ணைப் பேச்சையும் அவர் மாதிரி யார் பிடித்தார்? ஆனா அந்தக் கண்ணும் பெரும்பாலும் சித்திரை வீதிகளைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கொள்ளிடக்கரை அதற்கு எட்டாத தூரம். பதிவேடும் அந்தக் கதைகளும் இந்த ஒரு இடத்தில் ஒன்றாகின்றன: தனக்குப் பக்கத்தில் இருப்பதையே முழு ஊர் என்று எடுத்துக்கொள்கின்றன.

அப்படியானால் வகுப்பறையை உண்மையாகவே உற்றுப்பார்த்தவர் யார்? பிள்ளைகள்தான். சத்தாராவில் பள்ளிக்குப் போன அம்பேத்கர், தான் உட்காரும் கோணியைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவர வேண்டியிருந்ததை எழுதியிருக்கிறார். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ தேங்காய்த் திருட்டுப் பழியைச் சொல்கிறது. படித்த இடத்தில் அரிஜனப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணியதையும் சொல்கிறது. இவற்றைத் தன்வரலாறு என்று வகைப்படுத்தி இலக்கிய அலமாரியில் வைத்துவிட்டோம். எனக்கு இவை வகுப்பறை உற்றுநோக்கல் குறிப்புகள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருக்கு எந்தக் குரல், வாத்தியார் கண் எங்கே நின்றது, எல்லாம் இருக்கிறது. வாத்தியாரைப் பிள்ளை பார்ப்பது மாதிரி பிள்ளையை வாத்தியார் பார்ப்பதில்லை. பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் பிள்ளைக்குத்தான். இந்த நூல்களை பி.எட். பாடத்தில் உளவியல் தாளுக்குள் வைக்கட்டும். மனசுக்குப் பட்டதை எழுதியது ஆய்வாகுமா என்று கேட்பவர்கள், மூணு வினாடிக்கு ஒரு எண் எழுதியது எப்படி ஆய்வானது என்று முதலில் சொல்லட்டும்.

மாற்றம் எதுவுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல், ஆசிரியரைப் பாயில் இறக்கி உட்கார வைத்தது. பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகையைக் கீழே கொண்டுவந்தது. முன் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்பதே கொஞ்ச நாள் இல்லாமல் போனது. அது சின்ன விஷயமில்லை. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு 2023இல் அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்கணும் என்று 2024 அறிக்கையில் பரிந்துரைத்தது. வரவேற்போம். ஆனா அகரவரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளிலும் டீச்சர் கண் யாரைத் தேடிப் போகிறது என்று எண்ண, ஒரு ஆள் பின்னால் உட்கார வேண்டும். இப்போது பி.எட். இரண்டு வருஷம். 2014 விதிகளின்படி இருபது வாரம் பள்ளியில் இருக்கிறார்கள். நேரத்துக்குப் பஞ்சமில்லை.

பயிற்சி மாணவர்களிடம் இப்போதெல்லாம் நான் ஒரு வெள்ளைத்தாள் கொடுக்கிறேன். பெஞ்சுகளை வரைந்துகொள்ளுங்கள், டீச்சர் யாரிடம் கேட்டாலும், யார் பேரைச் சொன்னாலும், யாருடைய நோட்டைக் கையில் வாங்கினாலும் அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள் என்கிறேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: ‘சார், எந்தப் பிள்ளை எந்தச் சாதின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கேக்கலாமா?’

நியாயமான கேள்வி. கேட்டால் ‘கருக்கு’வில் நடந்ததைத்தான் நாமும் செய்கிறோம். உத்தரப்பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் செய்த சோதனை 2006இல் வெளிவந்தது. புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதவரை இரு தரப்புப் பையன்களும் சமமாகச் செய்தார்கள். எல்லார் முன்னாலும் சாதியை வாசித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களுக்குக் குறைந்தது. உற்றுப்பார்க்கிறோம் என்று போய் நாமே பிள்ளையின் கையைக் கட்டிவிடக் கூடாது.

‘கேக்காதீங்க. கோடு மட்டும் போடுங்க. எந்தப் பிள்ளைக்குக் கோடே விழலன்னு பாத்து, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுங்க. வீடு எங்க, வர வழியில என்ன பாத்தன்னு கேளுங்க’ என்றேன்.

அவள் தாளைத் திருப்பி எடுத்துவந்தபோது, பெஞ்சுப் படத்தின் ஒரு மூலையில் கோடே இல்லை. அந்த வெள்ளை இடத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: ‘ஆடு குட்டி போட்டா எத்தன நாள்ல எந்திரிச்சு நிக்கும்னு இவனுக்குத் தெரியும். அறிவியல் டீச்சருக்கு இவன் பேரு தெரியல.’