மோட்ச வாயிலில் ஒரு நரகக் கதவு

மத நூலா, அது நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கம்பனைக் கற்றுத்தான் கம்பனைக் கண்டித்தோம்; பெரியபுராணத்தைப் பக்கம் பக்கமாகப் படித்த பிறகே கேள்விக் கணை தொடுத்தோம். அந்த நேர்மையோடு, ஆங்கில நாட்டுக் கிறித்தவ இல்லங்களில் விவிலியத்துக்கு அடுத்தபடி வீற்றிருந்த ஏடொன்றையும் புரட்டிப் பார்ப்போம். ஜான் பன்யன் எழுதி 1678-ல் வெளிவந்த அந்த ஏடு, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரால் அறியப்பட்டது.

யார் இந்தப் பன்யன்? மேற்றிராணியாரா? பல்கலைக்கழகம் தந்த பட்டதாரியா? இல்லை. பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோ சிற்றூரில் 1628-ல் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலே செய்தவர். மன்னராட்சி மீண்டது 1660-ல். மன்னரோடு மேற்றிராணிமாரின் ஆதிக்கமும் மீண்டது. அரசு ஒப்பிய திருச்சபைக்கு வெளியே மக்களைக் கூட்டிப் பேசுவது குற்றம் என்றனர். பேசினார், அவ்வாண்டு நவம்பரில் பிடித்தனர். இனிப் பிரசங்கம் செய்யேன் என்று ஒரு வாக்கு, அவ்வளவுதான் கேட்டனர். தந்திருந்தால் அன்றே வீடு திரும்பியிருக்கலாம். தரவில்லை. மூன்று மாதம் என்ற தண்டனை பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது. சிறையில் காலணிக் கயிறு செய்து விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார். வீட்டில் நான்கு பிள்ளைகள். ஒருத்திக்குக் கண் தெரியாது.

அவருடைய துணைவி எலிசபெத், 1661-ல் நீதிபதிகள் முன் நின்றார். என் கணவர் ஏழை, பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுபவர். அதனால்தான் அவரை இகழ்கிறீர்கள், அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்னும் கருத்துப்பட அந்த மாது நேருக்கு நேர் உரைத்தார். மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்துச் சிறையேகிய தோழர்களை அறிந்த நாம், இந்தக் குடும்பத்தை அயலாராகக் கருத இயலுமா?

கதை எளிது. முதுகில் பெருஞ்சுமை, கையில் ஒரு நூல். அழிவு நகரத்தை விட்டு விண்ணகரம் நோக்கி ஓடுகிறான் கிறித்தியான். மனைவி மக்கள் கூவி அழைக்கின்றனர். காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான்! இது எந்த வகை அறம் என்று நாம் கேட்போம். பன்யனுக்கும் உறுத்தியிருக்கும் போலும். 1684-ல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் மக்களையும் அதே வழியில் அனுப்பி வைத்தார்.

வழியில் மாயைச் சந்தை. பட்டம், பதவி, நாடு, உயிர் யாவும் அங்கு விலைக்கு. எதையும் வாங்க மறுத்த இருவரைக் கூண்டில் அடைக்கின்றனர். வழக்கு மன்றத்தில் நீதிபதியின் பெயர் நன்மை வெறுப்போன். சாட்சிகள் பொறாமை, மூடநம்பிக்கை, கோள்சொல்லி. அறங்கூறும் குழுவின் தலைவன் குருடன். கிறித்தியானின் தோழன் உண்மையுள்ளானை எரித்துக் கொல்கிறார்கள். நீதிமன்றக் கூண்டில் நின்றவன் அல்லாமல் வேறு யார் இந்தப் பகுதியை எழுத முடியும்! பிறகு வருகிறான் ஒரு கனவான்: காற்றடிக்கும் பக்கம் சாய்பவன், மதம் வெள்ளிக் காலணி அணிந்து வெயிலில் உலவும்போது மட்டும் அதனோடு கைகோத்து நடப்பவன். அவன் கொள்ளுப்பாட்டன் படகோட்டி. ஒரு திசை பார்த்துக்கொண்டு மறுதிசை போனவன். அரசியல் மேடைகளிலும் அந்தப் பரம்பரை அற்றுப் போய்விடவில்லை.

இத்தனையும் உழைப்பாளர் வீட்டுப் பேச்சு மொழியில் எழுதப்பட்டவை. தமிழில் நேர்ந்தது வேறு. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, இக்கதையை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக்கி 1894-ல் வெளியிட்டார். கம்பன் நடையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். புலமையை மறுப்பதற்கில்லை, சந்தம் இனிமை. ஆயினும் பட்டறையில் பிறந்த கதை பண்டிதர் மாடத்தில் ஏறி அமர்ந்துவிட்டதே என்ற வருத்தம் நமக்கு.

இனி, நம்மை நெடுநேரம் நிறுத்திய இடம். மரண நிழல் பள்ளத்தாக்கில் கிறித்தியான் நடக்கிறான். பின்னால் பதுங்கி வந்த பேய் ஒன்று கடவுள் நிந்தனைச் சொற்களைக் காதில் ஓதுகிறது. அவை தன் உள்ளத்திலேயே எழுந்தவை என்றெண்ணி அவன் நடுங்குகிறான். எங்கிருந்து வந்தது இக்காட்சி? 1666-ல் வெளியிட்ட தன் வரலாற்றில் பன்யனே கூறுகிறார்: இயேசுவே மீட்பர் என்று காட்ட நம்மிடம் வேதம் இருப்பதுபோல, முகமதுவே மீட்பர் என்று காட்டத் துருக்கரிடமும் வேதம் இருக்கலாமே, அவரவர் மதமே மெய் என்று அவரவர் எண்ணுகின்றனரே என்ற கேள்விகள் தம்மை அலைக்கழித்தன என்று. எவ்வளவு கூர்மையான கேள்வி! கல்லூரி காணாத தொழிலாளியின் மூளையில் தானே முளைத்த கேள்வி. அதைத் தன்னுடையது என்று ஒப்ப அவருக்குத் துணிவு வரவில்லை. சாத்தானின் சோதனை என்றார். கதையில் பேயின் வாயில் வைத்தார். மன்னனுக்கு அஞ்சாதவர் தம் அறிவுக்கு அஞ்சினார்.

விண்ணகரத்துக்கு முதுகு காட்டியபடி எதிரே வருகிறான் நாத்திகன். இருபது ஆண்டு தேடினேன், அப்படியொரு நகரமே இல்லை என்கிறான், சிரிக்கிறான். பயணிகள் தரும் மறுமொழி என்ன? மலைமீதிருந்து நகரின் வாயிலைக் கண்டோமே என்பது. சில பக்கங்கள் பின்னே திருப்புங்கள். மலையில் ஆயர்கள் தொலைநோக்கிக் கண்ணாடி தந்தபோது இவர்கள் கை நடுங்கிற்று; தெளிவாகப் பார்க்க முடியவில்லை; வாயில் போன்று ஏதோ தெரிந்ததாக எண்ணினார்கள். அந்த 'ஏதோ', நாத்திகனைக் கண்டதும் 'கண்டோம்' ஆகிவிட்டது! இருபதாண்டுத் தேடலுக்கு எதிர்ச்சான்று, நடுங்கிய கைகள் பிடித்த கண்ணாடி. நாத்திகன் சிரித்துக்கொண்டே தன் வழியே போகிறான். அவனுக்குக் கதையில் தண்டனை ஏதும் காட்டப்படவில்லை.

தண்டனை மற்றொருவனுக்கு. அறியாமை என்று பெயர் சூட்டப்பட்ட துடிப்பான இளைஞன். கடவுளை மறுத்தவனா? தொழுகிறான், நோன்பு இருக்கிறான், காணிக்கை செலுத்துகிறான், ஏழைக்கு ஈகிறான், பிறர்க்குரியதைப் பிறர்க்குக் கொடுத்துவிடுகிறான். நல்வாழ்வு தன்னைக் கரைசேர்க்கும் என்று நம்புகிறான். குற்றம் அந்த நம்பிக்கையே! மீட்பு இயேசுவின் புண்ணியத்தால் மட்டும் என்பது பன்யனின் கோட்பாடு. மற்றவர்கள் மூழ்கித் தத்தளித்துக் கடந்த ஆற்றை இவன் ஓடத்தில் கடந்து, தனியே மேடேறி, வாயிலைத் தட்டுகிறான். வரவேற்க ஒருவருமில்லை. சான்றுச் சீட்டு எங்கே என்கின்றனர். மார்பைத் தடவுகிறான், இல்லை. அரசன் இறங்கி வந்து அவனைப் பார்க்கவும் இல்லை. கட்டளை மட்டும் வருகிறது. கையும் காலும் கட்டித் தூக்கிச் சென்று, மலைச்சரிவில் உள்ள கதவு வழியே நரகத்தில் எறிகின்றனர். கனவு கலைகிறது, முதற்பாகத்தின் கதை அத்துடன் முடிகிறது.

மாயைச் சந்தையின் கொடிய மன்றத்தில்கூட உண்மையுள்ளானைப் பேசவிட்டார்கள். குற்றச்சாட்டைப் படித்தார்கள், அவன் மறுமொழியைக் கேட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்த பன்யன், தம் விண்ணகர வாயிலில் இந்த இளைஞனுக்கு அந்த அளவு விசாரணையும் வைக்கவில்லை.