நோட்பேட் போதும்

விண்டோஸில் நோட்பேடைத் திறந்தால் கண்ணில் படுவது வெறும் வெள்ளைப் பரப்புதான். 1985இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்தது. பகட்டான குறிப்புச் செயலிகள் எத்தனை வந்தாலும் அன்றாடக் கணக்குவழக்குக்கு எனக்கு இது போதும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வித்தை உண்டு. கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளி. அதை ஒட்டி எல், ஓ, ஜி என்ற மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகள். இப்படித் தட்டிச் சேமித்துவிட்டால், அந்தக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்து உட்காரும். கேஸ் பதிவு செய்தது, பிளம்பர் வருவதாகச் சொன்னது, கரண்ட் பில் கட்டியது எல்லாம் அதன் கீழே ஒவ்வொரு வரி. தேட கன்ட்ரோல்-எஃப். நடுவில் எங்காவது நேரம் குறிக்க வேண்டுமா, எஃப்5 விசை இருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு முன்பு ஒரு தொல்லை இருந்தது. சேமிக்கும்போது ‘ஆன்சி’யை மாற்றி யூனிகோடைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 2019இல் யூடிஎஃப்-8 இயல்பு முறையானதும் அது தீர்ந்தது.

இப்போது விண்டோஸ் 11இல் டேப், எழுத்துப்பிழை திருத்தம், செயற்கை நுண்ணறிவு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். டேப் சரி. மற்றதெல்லாம் வேறு எங்காவது இருந்திருக்கலாம்.