மேஜரும் மைனரும்: பாக் கையாண்ட பாடுகளின் மெட்டு

மேஜர் சுரவரிசை மகிழ்ச்சிக்கு உரியது, மைனர் சுரவரிசை துக்கத்துக்கு உரியது என்னும் எண்ணம் நம் ஆராதனை வழக்கில் ஆழமாக வேரூன்றியுள்ளது. பாட்டுகளைத் தெரிந்தெடுக்கும்போது, மைனர் மெட்டுகளைப் பெரிய வெள்ளிக்கும் அடக்க ஆராதனைக்கும் ஒதுக்கிவிட்டு, திருநாட்களுக்கு மேஜர் மெட்டுகளையே நாடுவோர் பலர். இசை வரலாறு இதற்கு இடங்கொடுப்பதில்லை. 1524இல் வெளிவந்த லூத்தரின் உயிர்த்தெழுதல் பாடல் மைனர் சாயலுடைய பழைய மெட்டில் அமைந்தது. ஹேண்டல் 1739இல் அரங்கேற்றிய ‘சவுல்’ என்னும் இசைநாடகத்தின் சாவு ஊர்வல இசையோ மேஜரில் அமைந்தது. ஆகவே இவ்விரண்டுக்கும் உள்ள உறவைச் சரியாக அறிந்துகொள்வது போதகருக்கும் இறையியல் மாணவருக்கும் அவசியமாகிறது.

மேஜர் சுரவரிசை முழுச்சுரம், முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்னும் இடைவெளிகளில் ஏறுகிறது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் ‘சி’யிலிருந்து வாசித்தால் இது கிடைக்கும். அதே கட்டைகளை ‘ஏ’யிலிருந்து தொடங்கி வாசித்தால் இயல்பான மைனர் கிடைக்கும். ஒரு சுரமும் கூட்டப்படவில்லை, குறைக்கப்படவுமில்லை. ஆதார சுரம் மட்டுமே இடம் மாறியது. நம் பாடகர் குழுக்கள் பழகிய டானிக் சோல்ஃபா முறையில் மைனர் மெட்டுகள் ‘லா’வைத் தங்குமிடமாகக் கொள்வதன் காரணம் இதுவே. கர்நாடக இசை இதனைக் கிரகபேதம் என்று அழைக்கிறது. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக்கினால் நடபைரவியின் சுரங்கள் பிறக்கின்றன. காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் தோடியின் சுரங்கள் பிறக்கின்றன. கமகங்களைப் பற்றி இங்கே பேசவில்லை; சுரத்தானங்களை மட்டுமே ஒப்பிடுகிறோம்.

இப்படியானால் இரண்டும் ஒன்றே என்று சிலர் முடிவுசெய்யக்கூடும். அதுவும் தவறே. ஒரே ஆதார சுரத்தின்மேல் மேஜரையும் மைனரையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்தால் வேற்றுமை உடனே செவியில் படும். மேஜரின் மூன்றாம் சுரம் ஆதாரத்திலிருந்து நான்கு அரைச்சுரங்கள் உயர்ந்து நிற்கிறது. மைனரில் மூன்று மட்டுமே. மேலும், மைனர் தன் ஆதாரத்துக்கு உறுதியாகத் திரும்பவேண்டும்போது தன் ஏழாம் சுரத்தை அரைச்சுரம் உயர்த்திக்கொள்கிறது. அவ்வடிவமே நம் கீரவாணி. எனவே சுரங்களைப் பகிர்ந்துகொள்ளும் உறவு வேறு, ஆதாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் உறவு வேறு. முன்னதில் இரண்டும் ஒரே குடும்பத்தின் மக்கள். பின்னதில் ஒரே வாசலையுடைய இரு வீடுகள். முதலாவது உறவு ஒரு மெட்டின் பொருளை எவ்வளவு ஆழமாக மாற்றக்கூடும் என்பதைக் காட்ட, யோகான் செபாஸ்தியான் பாக் கையாண்ட ஒரே ஒரு மெட்டு போதும்.

ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் ஒரு காதல் பாட்டுக்கென இம்மெட்டை வெளியிட்டார். பின்பு திருச்சபை அதைத் தனதாக்கிக்கொண்டது. முள்முடி சூடிய ஆண்டவரின் திருச்சிரசை நோக்கிப் பவுல் கெர்ஹார்ட் இயற்றிய பாடல் 1656இல் இதனோடு இணைந்தது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கிய பப்ரீசியுஸின் உழைப்பினால் அப்பாடல் நம் சபைகளுக்கும் உரியதாயிற்று. இம்மெட்டின் சிறப்பு யாதெனில், அது ‘மீ’யில் தொடங்கி ‘மீ’யிலேயே முடிகிறது. அந்த இறுதிச் சுரம் ஒரு மேஜரின் மூன்றாம் சுரமோ, அல்லது தானே ஆதாரமோ? மெட்டு விடை சொல்லவில்லை. அதன்கீழ் அமைக்கப்படும் ஒத்திசையே விடை சொல்லவேண்டும்.

1727இல் முதன்முதல் பாடப்பட்டதாகக் கருதப்படும் மத்தேயு பாடுகளின் இசையில் பாக் இம்மெட்டை ஐந்து இடங்களில் வைத்தார். ஒலிவமலைக் காட்சியில் இருமுறையும், பிலாத்துவின் முன்னிலையில் ஒருமுறையும், முள்முடி சூட்டிப் பரிகசித்த பின்பு ஒருமுறையும் அது வருகிறது. இந்நான்கிலும், வழியில் எத்தனை இருள் சூழ்ந்தாலும், இறுதிச் சுரத்தின்கீழ் மேஜரின் ஆதாரம் வந்து தாங்குகிறது. ஐந்தாம் முறை இயேசு ஜீவனை விட்ட உடனே வருகிறது. தன் மரண வேளையில் ஆண்டவர் தன்னைவிட்டுப் பிரியாதிருக்கவேண்டும் என்று விசுவாசி அங்கே மன்றாடுகிறான். இப்பொழுது அந்த மேஜரின் தாங்கல் அகற்றப்படுகிறது. ‘மீ’ தானே அடித்தளமாகிறது. கடைசிச் சுரக்கூட்டு வீடுசேர்ந்த நிறைவைத் தராமல், விடைக்குக் காத்திருக்கும் வினாவைப்போல நிற்கிறது. மெட்டில் மாற்றமில்லை; அது நிற்கும் நிலமே மாறியது. மைனர் என்றால் துக்கம் என்னும் எளிய சூத்திரத்தைக்கொண்டு இந்த இடத்தை விளக்க முடியாது. துக்கம் முதல் நான்கிலும் இருந்தது. ஐந்தாவதில் நாம் கேட்பது துக்கத்தைவிட, காத்திருத்தல்.

1734ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இசைத்தொகுதியிலும் இம்மெட்டு இருமுறை வருகிறது. முதற்பகுதியில், வருகிற ஆண்டவரை எவ்விதம் ஏற்றுக்கொள்வேன் என்று கேட்கும் கெர்ஹார்ட்டின் வேறொரு பாடலுக்கு அது பாடப்படுகிறது. அங்கும் முடிவு வினாவாகவே தொங்கி நிற்கிறது. 1735 ஜனவரி 6இல் பாடப்பட்ட இறுதிப் பகுதியின் முடிவிலோ அதே மெட்டு எக்காளங்களும் முரசும் முழங்க ‘டி’ மேஜரில் வெற்றிப் பாட்டாகிறது. தொழுவத்தில் சிலுவையைக் காட்டவே பாக் இவ்வாறு செய்தார் என்பார் உண்டு. இதனை உறுதியாகச் சொல்லுதல் இயலாது; அக்காலத்தில் இம்மெட்டு மரண வேளைக்குரிய பாடல் உட்பட வேறு சொற்களுக்கும் பாடப்பட்டு வந்தது. ஆயினும் வினாவும் விடையும் ஒரே மெட்டிலிருந்து பிறந்தன என்பது இசைப் பிரதியே காட்டும் உண்மை. அதைச் சொல்ல ஆசிரியரின் உள்நோக்கத்தை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

இங்கே இறையியல் கற்போர் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் கூக்குரலில் தொடங்கி மகா சபையின் நடுவே துதியில் முடிகிறது. பாடுகிறவன் ஒருவனே. அவன் நிற்கும் இடம் மாறியபோது அதே வாழ்வு வேறு பொருள் பெற்றது. புலம்பலைத் துதியிலிருந்து பிரித்து, ஒன்றைத் துக்க நாளுக்கும் மற்றொன்றைத் திருநாளுக்கும் ஒதுக்கும் ஆராதனை, இந்தச் சங்கீதத்தை இரண்டாகக் கிழிக்கிறது. மைனரைத் திருநாளிலிருந்து விலக்கும் சபை, அன்று கண்ணீரோடு வந்து அமர்ந்திருப்பவருக்குப் பாட ஒன்றும் கொடாமல் அனுப்பிவிடுகிறது.

ஆகையால் மெட்டைத் தெரிந்தெடுக்கும் போதகர், இது மேஜரா மைனரா என்பதோடு நின்றுவிடலாகாது. இந்த மெட்டு எங்கே தங்குகிறது, எதை நோக்கிச் செல்கிறது, இந்தச் சொற்களை அங்கே கொண்டுசேர்க்கிறதா என்று கேட்கவேண்டும். மைனர் மெட்டு உற்சாகமூட்டாது என்று அதை மேஜராக மாற்றிப் பாடச் சொல்லுமுன் ஒருமுறை பொறுத்திருப்பது நலம். உடனே வீடு சேராத பாட்டும் விசுவாசத்தின் பாட்டே.