குறளர் என்னும் பாத்திர வகுப்பு: விதியும் பண்பும்

நாடகத்தில் பாத்திரத்தைப் படைப்பவர் ஒருவர். அதனை ஏற்று நடிப்பவர் மற்றொருவர். இவ்விரு தொழிலையும் ஒருவரே மேற்கொள்ள இடந்தருவது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திர ஆட்டம். 1974இல் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முதனூலாகும். 1981இல் டாம் மோல்ட்வே பதிப்பித்த அதன் அடிப்படைத் தொகுதியில் மனிதர்க்கு மறவர், சமயகுரு, மாயவித்தையர், கள்வர் என நான்கு வகுப்புகள் உள. குறளர்க்கோ வகுப்பு ஒன்றே. இனத்தின் பெயரே வகுப்பின் பெயருமாயிற்று. இவ்விதி பாத்திரப் படைப்புக்கு ஆக்கமோ கேடோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் 'குறள்' என்பது மக்கட்பிறப்பின் குறைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. யாம் ஈண்டுக் குறிக்கும் குறளர் அத்தகையர் அல்லர். வடஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் இவர்கள் தனியொரு பிறப்பினர், பாறையுள் வாழ்வோர், உலோகத் தொழிலில் வல்லோர். தோர் என்னும் கடவுளின் சம்மட்டியைச் செய்தவர் இவரே என்பது 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி தொகுத்த எத்தா நூல் கூறும் செய்தி. 1937இல் வெளிவந்த 'ஹாபிட்' கதையில் டோல்கின் இவர்களுக்கு இட்ட பெயர்களுட் பல பழைய நார்சு மொழிப் பாடலொன்றிலிருந்து கொண்டவை. ஆட்டம் ஆக்கியோர் இம்மரபினின்றே தம் குறளரைப் பெற்றனர். ஆகலின் குறைபாடு என்னும் கருத்தை நீக்கியே இச்சொல்லைக் கொள்ளல் வேண்டும்.

இனி, விதிகளை நோக்குவாம். குறளர்க்குத் தாங்குதிறன் 9க்குக் குறைதல் கூடாது. நெடுவில்லும் இருகை வாளும் அவர்க்கு விலக்கப்பட்டவை. இருளில் 60 அடித் தொலைவு காண்பர். முதற்படியில், மாய மொழியின் தாக்குதலினின்று தப்ப மனித மறவன் இருபது முகப் பகடையில் 16 அல்லது அதற்கு மேற்பட்ட எண் பெறல் வேண்டும். குறளர்க்கு 12 போதும். மறவன் இருபதில் ஐந்து முறை தப்பும் இடத்தில் குறளர் ஒன்பது முறை தப்புவர் என்பது இதன் பொருள். 'மாயத்துக்கு எளிதில் வயப்படாத உறுதியுடையவர்' என்று வருணிக்கும் வேலையை இங்கே ஓர் எண் செய்துவிடுகின்றது.

இவற்றினும் சிறந்த விதி ஒன்று உண்டு. சரிந்து செல்லும் வழி, நகரும் சுவர், புதிதாகக் கட்டிய பகுதி, பொறி ஆகியவற்றை ஆறுமுகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் குறளர் கண்டறிவர். ஆனால், தாம் அவற்றைத் தேடுவதாக ஆடுவோர் நடுவரிடம் சொல்லுதல் வேண்டும், சொல்லாவிடின் பயனில்லை. இக்கட்டுப்பாடே பாத்திரத்தை உயிர்ப்பிக்கின்றது என்பது எம் கருத்து. குறளராக ஆடுபவர் ஒவ்வொரு வாயிலிலும் நிற்பார், சுவரைத் தட்டுவார், தரையின் சரிவை வினவுவார், தோழர் விரைய, அவர் தயங்குவார். சில அமர்வுகளில் அதுவே அவர் பேசும் முறையாகிவிடும். ஐயுற்று நோக்கும் கற்றச்சன் ஒருவன் இங்ஙனம் விதியினின்றே பிறக்கின்றான். நீண்ட தாடியும் கோடரியும் முரட்டுப் பேச்சும் குறளரை ஆக்குவன என்று கருதுவார் புறத்தோற்றத்தையே பண்பெனக் கொண்டவராவர்.

இனி, மறுப்பாளர் கூற்றும் நோக்கத்தக்கது. எல்லாக் குறளர்க்கும் வகுப்பு ஒன்றேயாயின், அவருள் குருவும் கள்வரும் இலரோ? மேலும், 1974இன் முதனூல் குறளரை மறவராகவே வைத்து ஆறாம் படியோடு நிறுத்தியது; 1981இன் தொகுதிகள் 12ஆம் படியோடு நிறுத்தின. பின்வந்த தொகுதிகளில் மனித மறவன் 36ஆம் படிவரை செல்லலாயினன். பிறப்பே தொழிலையும் உயர்வின் எல்லையையும் வரையறுக்கும் உலகம் இது. பிறப்பால் தொழில் வகுத்தலின் கேட்டினை நன்குணர்ந்த நம்மனோர் இதனை எளிதிற் கடந்து செல்லல் இயலாது.

1978இல் வெளிவந்த விரிநூல் இனத்தையும் வகுப்பையும் பிரித்தது. எனினும் எல்லைகளை வைத்துக்கொண்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அவ்வெல்லைகளையும் நீக்கியது. குறளர் மாயவித்தையரும் ஆயினர். நீதி நோக்கில் இது வளர்ச்சியே. ஆயின், குறளரை ஏனையோரினின்று வேறுபடுத்தும் சுமை இதனால் விதியினின்று ஆடுவோர் தோளுக்கு மாறியது. அதனைத் தாங்க இயலாதவர் தாடியையும் கோடரியையும் தேடிச் செல்கின்றனர்.

ஆகவே, இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஓர் இனத்தார் அனைவரும் இத்தகையரே என்று விதி கூறுமாயின் அது பிழை. இந்த ஒருவர் இவ்வாறு உலகை நோக்குகின்றார் என்று கூறுமாயின் அது கலை. யாப்பின் கட்டு செய்யுட்குத் துணையாவது போல, தேடுதல் விதி பாத்திரத்துக்குத் துணையாகின்றது. படியெல்லையோ பாத்திரத்துக்கு எதனையும் தருவதில்லை. முன்னது போற்றற்பாலது, பின்னது களையற்பாலது. இரண்டையும் ஒருங்கே ஏற்றலும் ஒருங்கே தள்ளலும் திறனாய்வாகா என்பதே எம் துணிபு.